பதினெட்டுப் படிகளும் இருபத்து நாலாவது பெட்டியும்

செய்தி வந்தபோது காலை எட்டு பத்து. வெல்டர் இரும்பு அறுக்கும் கிரைண்டருக்குப் புது வட்டு மாட்டிவிட்டு, தீப்பொறி படாமலிருக்க மாட்டும் முகக்கண்ணாடியை இறக்கப் போனார். மேசைமேல் கிடந்த போன் அதிர்ந்து அதிர்ந்து ஓரம்வரை நகர்ந்து வந்தது. திரையில் ஸ்விட்ச் அக்காவின் எண். நான்கு நாளாக ஆஸ்பத்திரியில் இருப்பவர் தானே கூப்பிடுகிறார் என்று நினைத்து, "என்ன தங்கச்சி, டாக்டரையும் ஆஃப் பண்ணிட்டு வந்துட்டியா?" என்றார். அந்தப் பக்கம் பேசியது அக்காவின் கணவர்.

"அண்ணே, அவ போயிட்டாண்ணே."

வெல்டர் கிரைண்டரைக் கீழே வைத்தார். வைத்த பிறகும் வெகு நேரம் அதன்மேலிருந்து கையை எடுக்கவில்லை.

அக்காவுக்கு நாற்பத்தாறு வயது. வெல்டரைவிடப் பன்னிரண்டு வயது சின்னவர். பட்டறையில் முதலாளியும் வெல்டரும் தவிர மற்ற எல்லோருக்கும் அவர் அக்காதான். இரும்புப் படிக்கட்டு செய்யும் அந்தப் பட்டறைக்குக் கடிதம் டைப் செய்யத்தான் வந்தார். படம் வரைகிற ஆள் ஒரு நாள் சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட, கம்ப்யூட்டரில் பாதிப் படிக்கட்டு அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. "நான் வேணா தொட்டுப் பாக்கட்டா சார்?" என்று கேட்டார் அக்கா. தொட்டவர்தான், பதினோரு வருஷம் கையை எடுக்கவில்லை.

படிக்கட்டை முப்பரிமாணத்தில் வரைகிற மென்பொருள் அது. அதற்குள் நமக்கு வேண்டிய சின்னச் சின்னக் கருவிகளைத் தனியாகச் சேர்த்துக்கொள்ளலாம். ப்ளகின் என்பார்கள். ஒன்று படி போடும், ஒன்று கைப்பிடி போடும், ஒன்று எந்தத் துண்டை எவ்வளவு நீளம் வெட்ட வேண்டும் என்று பட்டியல் அடித்துக் கொடுக்கும். ஆளாளுக்கு எங்கெங்கோ உட்கார்ந்து எழுதியவை என்பதால், ஒரே வீட்டில் ஏழு மருமகள்கள் போல, சில நாள் ஒன்றுக்கொன்று முகம் கொடுக்காது. மென்பொருள் திறக்காது, அல்லது திறந்து கோணலாக எதையாவது காட்டும். மற்றவர்கள் தலையில் கை வைப்பார்கள். அக்கா ஒரு நோட்டை எடுப்பார்.

அவருடைய வித்தை ஒன்றே ஒன்றுதான். எல்லாவற்றையும் அணைத்துவிடுவது. பிறகு ஒன்றை ஏற்றுவது, பார்ப்பது, நோட்டில் டிக் போடுவது, அடுத்ததை ஏற்றுவது. எந்த டிக்கில் கோளாறு திரும்பி வருகிறதோ அதுதான் திருடன். கேட்கும்போது ரொம்பச் சுலபம். ஆனால் இருபத்து மூன்று ப்ளகினை ஒவ்வொன்றாக ஏற்றி இறக்கும் பொறுமை யாருக்கு இருக்கிறது? மற்றப் பட்டறைகளிலிருந்தும் போன் வரும். "அக்கா, தொங்கிப்போச்சுக்கா" என்று அழாத குறையாகச் சொல்வார்கள். "எதையெல்லாம் ஆஃப் பண்ணிப் பாத்த?" என்பதுதான் அவருடைய வணக்கம். ஸ்விட்ச் அக்கா என்ற பெயர் அப்படி வந்து ஒட்டிக்கொண்டது.

வீட்டிலும் அதே கதை. கணவரின் அண்ணன் தம்பிகள் ஒருமுறை கூடத்தில் கூடி ஒரே நேரத்தில் கத்த, அக்கா நடுவில் போய் நின்று, "எல்லாரும் வாயை மூடுங்க. ஒவ்வொருத்தரா ஏத்துறேன். யார் பேசும்போது சண்டை வருதுன்னு பாப்போம்" என்றாராம். மூத்தவர் பேசியபோது வரவில்லை, நடுவில் பிறந்தவர் பேசியபோதும் வரவில்லை. கடைசியில் அக்காவின் கணவரே வாயைத் திறந்ததும் வந்ததாம். பஸ் ஓட்டுகிற அந்த மனிதர் இதை அவரே சொல்லிச் சிரிப்பார்.

வெல்டருக்கு மட்டும் அக்காவைக் கண்டால் ஆகாது. முப்பது வருஷம் டேப்பும் கண்ணும் போதுமென்று இருந்தவருக்கு, மாடி அறையில் மின்விசிறிக் காற்றில் உட்கார்ந்து கொண்டு அச்சடித்து அனுப்பும் ஆளிடம் என்ன மரியாதை? "மேடம், மழை வர மாதிரி இருக்கு, கொஞ்சம் ஆஃப் பண்ணி விடுங்க" என்பார் படியேறிப் போகிற அக்காவிடம். அக்காவும் விடமாட்டார். "உங்க வாயை முதல்ல ஆஃப் பண்ணிப் பாக்கலாம்ணே. அதுல நின்னாலும் நின்னுடும்."

இப்படியே ஓடியிருக்கும், நூலகத்துப் படிக்கட்டு வராமல் இருந்திருந்தால்.

அது சுழல் படிக்கட்டு. நடுவில் ஒரு தூண். தூணில் ஒரு படித்தகடு, அதன்மேல் ஒரு குழாய்த் துண்டு, மறுபடி ஒரு தகடு, மறுபடி ஒரு துண்டு என்று கோத்துக்கொண்டே போக வேண்டும். மொத்தம் பதினெட்டுப் படி. குழாய்த் துண்டின் நீளம்தான் படிக்கும் படிக்கும் உள்ள இடைவெளியைத் தீர்மானிக்கும். வெல்டர் பட்டியலைப் பார்த்துப் பதினெட்டுத் துண்டும் வெட்டி, முற்றத்திலேயே கோத்து நிறுத்தினார். பக்கத்தில் மாடித் தளத்தின் உயரத்துக்கு ஒரு சாரம் கட்டியிருந்தார்கள். கடைசிப் படி அதோடு சமமாக வந்து உட்கார வேண்டும். உட்காரவில்லை. முப்பத்தாறு மில்லிமீட்டர் தூக்கிக்கொண்டு நின்றது. ஏறுகிறவன் கால் தடுக்கிக் குப்புற விழ அது தாராளமாகப் போதும்.

அன்று அக்கா விடுப்பு. முதலாளியே போய்க் கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தார். குழாய்த் துண்டு 172 என்று தெளிவாக இருந்தது. முற்றத்தில் துண்டை அளந்தார். 174. பதினெட்டுத் துண்டும் 174.

"பெரியவரே, ரெண்டை நாலுன்னு படிச்சிருக்கீங்க."

"பேப்பர்ல நாலுதான் இருந்துச்சு."

"பேப்பர் எங்க?"

பேப்பர் இல்லை. எண்ணெய்க் கையைத் துடைத்துத் தூக்கிப் போட்டாயிற்று, எப்போதும் செய்வதுபோல. முதலாளி கத்தவில்லை. கத்தியிருந்தால் வெல்டர் திருப்பிக் கத்தியிருப்பார். "நாளையிலிருந்து கேட்ல நின்னு சரக்கு இறக்குறதைப் பாத்துக்குங்க. உங்களுக்கும் வயசாகுதுல்ல" என்று தோளில் தட்டிவிட்டுப் போனார். வெல்டர் அப்போதே கிரைண்டர் ஒயரைச் சுருட்டி வைத்துவிட்டார்.

ஏனென்றால் அவருக்கு மட்டும் தெரிந்த ஒன்று இருந்தது. ஒரு வருஷமாகப் பட்டியலில் உள்ள எண்கள் எறும்புபோல ஊர்கின்றன. வெளிச்சத்தில் பிடித்து, தள்ளிப் பிடித்து, கண்ணை இடுக்கித்தான் படிக்கிறார். மனைவியிடம்கூடச் சொல்லவில்லை. அன்று மாலை வீட்டில் காலண்டரைத் தூரத்தில் வைத்தும் கிட்டத்தில் வைத்தும் பார்த்தார். "அதுல என்ன தேடுறீங்க?" என்றார் மனைவி. "ஒன்னும் இல்ல" என்று மென்று விழுங்கினார். நிஜமாகவே இரண்டைத்தான் நாலு என்று படித்துவிட்டேனா? முப்பது வருஷத்துக் கை, ஒரே ஒரு எண்ணில் போய்விட்டதா?

மறுநாள் காலை அக்கா வந்தபோது வெல்டர் கேட்டில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். அக்கா வண்டியை நிறுத்திவிட்டு எதிரில் வந்து நின்றார்.

"கேள்விப்பட்டேன். நாலுதானே பாத்தீங்க?"

"நாலுதான்." ஸ்டூலின் விளிம்பைத் தடவிக்கொண்டே, "நாலுன்னுதான் நெனைக்கிறேன்" என்றார். அதற்குமேல் அடக்க முடியவில்லை. "மேடம், எனக்குக் கண்ணு முன்ன மாதிரி இல்ல. யார்கிட்டயும் சொல்லாதீங்க. சத்தியமா நாலுதானான்னு என்னால சொல்ல முடியல."

வெல்டர் சிரிப்பையோ பரிதாபத்தையோ எதிர்பார்த்தார். அக்கா இரண்டையும் காட்டவில்லை. "உங்க கண்ணு ஒரு கேஸு. பேப்பர் இன்னொரு கேஸு. ரெண்டையும் ஒன்னாப் போட்டுக் குழப்பாதீங்க. எந்திரிச்சு வாங்க."

மாடியில் வரைகிற படத்துக்குப் பட்டியல் அடிக்கும் கம்ப்யூட்டர் கீழே கொட்டகையில், கட்டிங் மெஷினுக்குப் பக்கத்தில் இருந்தது. நாளைக்கு மத்தியானம் நூலகத்து லாரி வந்துவிடும். அக்கா நோட்டைத் திறந்தார். பழக்கதோஷத்தில் எல்லா ப்ளகினையும் முதலில் அணைத்தார். படி போடுவதை மட்டும் ஏற்றி, பட்டியல் அடிப்பதையும் ஏற்றி, பிரிண்ட் எடுத்தார். 172. அடுத்ததை ஏற்றினார். 172. வெல்டர் பின்னால் நின்று, பேப்பர் வரும் சத்தத்துக்கெல்லாம் கழுத்தை நீட்டினார். அவரால் எண்ணைப் படிக்க முடியவில்லை. அக்காதான் ஒவ்வொரு தடவையும் சொன்னார். பத்தாவது டிக், 172. பதினைந்தாவது, 172. இருபத்து மூன்றாவது ப்ளகினையும் ஏற்றியாயிற்று. 172.

முதலாளி வாசலில் வந்து நின்றார். "ஏம்மா, காலையிலிருந்து எவ்வளவு பேப்பர்? அதான் திரையிலயே இருக்கே. அவரைச் சும்மா ஆசை காட்டாதே."

வெல்டர் தோள் துண்டை எடுத்து உதறிக் கேட்டுக்குத் திரும்பினார்.

"அண்ணே, நில்லுங்க" என்றார் அக்கா. குரல் மாறியிருந்தது. நோட்டில் விரலை வைத்து எண்ணினார். திரையில் பென்சில் முனையை வைத்து எண்ணினார். மறுபடி நோட்டு, மறுபடி திரை. "நோட்டுல இருபத்து மூணு. எல்லாத்துக்கும் டிக் போட்டாச்சு. திரையில டிக் போடுற பெட்டி ஒன்னு இன்னும் காலியா இருக்கு."

பட்டியலின் ஆக அடியில், இழுத்தால்தான் தெரியும் இடத்தில், படி போடும் ப்ளகினின் பெயரே இன்னொரு முறை இருந்தது. இருபத்து நாலாவது பெட்டி. அக்கா அதில் டிக் போட்டார். திரையில் 172 அசையவில்லை. பிரிண்ட் கொடுத்தார். பேப்பர் வந்தது. எடுத்துப் பார்த்தவர், படிக்காமல் அதை முதலாளியிடம் நீட்டினார்.

முதலாளி பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தார்.

"நூத்தி எழுபத்தி நாலு" என்றார்.

அந்த எண் காதில் விழுந்த நொடியைப் பற்றி வெல்டர் யார் கேட்டாலும் சொல்வார். மூன்றாவது பிள்ளை பிறந்த சேதிகூட அவ்வளவு இனிக்கவில்லை என்பார், மனைவி பக்கத்தில் இல்லாதபோது.

அக்கா ஆனால் இன்னும் திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பெட்டிக்குரிய கோப்பு எந்த இடத்தில் இருக்கிறது என்று தேடித் திறந்தார். 'பழசு' என்று ஒரு ஃபோல்டர். ஆறு மாதத்துக்கு முன்பு ஆறு மில்லி தகட்டை விட்டு எட்டு மில்லி தகட்டுக்கு மாறியபோது அந்த ப்ளகினையும் புதுப்பித்தார்கள். எதற்கும் இருக்கட்டும் என்று பழைய பிரதியை யாரோ அதே இடத்துக்குள் ஒரு ஃபோல்டர் போட்டு வைத்திருக்கிறார்கள். மென்பொருளுக்குப் பழசு என்றால் என்ன தெரியும்? உள்ளே கிடந்ததையெல்லாம் ஏற்றிக்கொண்டது. திரைக்குப் புதியது கணக்குச் சொன்னது. பட்டியலுக்குப் பழையது, தகடு இன்னும் ஆறு மில்லிதான் என்று நம்பி, ஒவ்வொரு துண்டையும் இரண்டு மில்லி நீட்டிவிட்டது. ஆறு மாதமாகச் சுழல் படிக்கட்டே வராததால் யாருக்கும் தெரியவில்லை.

"யாரு வேலை இது?" என்றார் முதலாளி.

அந்த ஃபோல்டரைச் சத்தமில்லாமல் அழித்துவிட்டு, மென்பொருள்மேல் பழி போட்டிருக்கலாம். இரும்பு அடிக்கிற பட்டறையில் யார் துருவிக் கேட்கப் போகிறார்கள்? அக்கா எழுந்து, கொட்டகையைத் தாண்டி முற்றத்துக்கு வந்தார். மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்ததால் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார். ஒவ்வொன்றாக நின்றது.

"நூலகத்துப் படிக்கட்டு தப்பாப் போனதுக்குக் காரணம் நான்" என்றார். "பழைய கோப்பை எடுத்து வெளிய வைக்காம உள்ளேயே வச்சது என் கை. அண்ணன் பேப்பர்ல இருந்ததை அப்படியே வெட்டியிருக்காரு. பதினெட்டுத் துண்டு, ஒன்னுலகூட அரை மில்லி பிசகல. சாரே அளந்து பாத்திருக்காரு."

வெல்டர்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"நீளமாத்தானே போச்சு, தங்கச்சி? குட்டையாப் போயிருந்தாத்தான் அழணும். நீளம்னா வெட்டிக்கலாம்." மேடம் எப்போது தங்கச்சி ஆனார் என்பதை இருவருமே கவனிக்கவில்லை. பிறகு முதலாளியைப் பார்த்து, "கேட்ல யார் நிக்கிறது?" என்றார். "வேணும்னா நானே நிக்கிறேன், நீங்க போங்க" என்றார் முதலாளி. முற்றமே சிரித்தது.

படிக்கட்டைப் பிரித்துப் போட்டார்கள். பதினெட்டுத் துண்டிலும் இரண்டிரண்டு மில்லி. வெல்டர் வெட்ட வெட்ட, அக்கா பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் அளந்து, எண்ணைச் சத்தமாகப் படித்தார். 172, 172 என்று ஏலம் போடுகிறவர் மாதிரி. மாலை வெயில் சுவரில் ஏறுவதற்குள் கோத்து முடித்தார்கள். பதினெட்டாவது படி தூணில் இறங்கி, 'டங்' என்று ஒரு சத்தத்தோடு சாரத்துக்குச் சமமாக உட்கார்ந்தது. முதலாளி குனிந்து இணைப்பின்மேல் உள்ளங்கையைத் தேய்த்தார். எங்கும் தட்டவில்லை. வெல்டர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கீழிருந்து ஏறினார். பதினெட்டுப் படியும் வெறுங்காலில் ஏறி, சாரத்தில் கால் வைத்துத் திரும்பி நின்று, "ஏறி வா, தங்கச்சி. உன் ஃபோல்டர் படுத்தின படிக்கட்டுல ஒரு சுத்து சுத்திட்டு வா" என்றார். அக்கா ஏறினார். பாதியில் நின்று கண்ணை மூடிக்கொண்டு மீதியை ஏறினார். கால் தடுக்கவில்லை.

நூலகத்தில் அந்தப் படிக்கட்டு இன்றும் இருக்கிறது. எத்தனை பேர் ஏறி இறங்கியிருப்பார்கள், ஒருவரும் குனிந்து பார்த்திருக்க மாட்டார்கள். அதைவிடப் பெரிய பாராட்டு ஒரு படிக்கட்டுக்குக் கிடையாது.

வெல்டரின் கண் விஷயத்தை அக்கா கடைசிவரை யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் மறக்கவும் இல்லை. ஒரு வாரம் நச்சரித்துக் கண்ணாடி போட வைத்தார். முகக்கண்ணாடிக்குள் அது ஆவி படிந்து மங்கிப் போகிறது என்று வெல்டர் முனகினார். "அப்ப எண்ணைப் பெரிசாக்கிடுவோம்" என்றார் அக்கா. ப்ளகின்களைப் பழுது பார்த்துக்கொண்டிருந்தவர், தானே ஒன்று எழுதக் கற்றுக்கொண்டார். கட்டிங் மெஷின் தகடு வெட்டும்போதே, அது எத்தனையாவது படி என்ற எண்ணை உள்ளங்கை அளவுக்கு அதன் அடியில் பொறித்துவிடும். முதல் தகடு வந்தபோது வெல்டர் பத்தடி தள்ளி நின்று, "ஒன்னு" என்று படித்தார். இரண்டு, மூன்று என்று ஒன்பதுவரை அப்படியே படித்தார், பள்ளிக்கூடப் பிள்ளைபோல. பத்தாவது தகட்டில் ஒன்றும் பூஜ்யமும் ஒன்றன்மேல் ஒன்று ஏறி உட்கார்ந்து, என்னவென்றே தெரியாத ஓர் உருவமாக இருந்தது.

"ரெண்டு எண்ணு வந்தா சண்டை போடுது. திங்கக்கிழமை எல்லாத்தையும் ஆஃப் பண்ணிட்டுப் பாக்குறேண்ணே" என்றார் அக்கா. அது வெள்ளிக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள்.

பட்டறையில் இப்போது இருபத்திரண்டு படியுள்ள ஒரு வேலை நடக்கிறது. ஒன்றிலிருந்து ஒன்பதுவரை மெஷின் பொறிக்கிறது. பத்திலிருந்து வெல்டர் சாக்பீஸால் எழுதுகிறார்.