சோக் பிடிக்க ஓர் ஆள்

எங்கள் டிராக்டர் பெட்ரோலில் கண் விழித்து கிருஷ்ணாயிலில் உழைக்கிற ரகம். மண்ணெண்ணெயை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். காலையில் கொஞ்சம் பெட்ரோல் காட்டி எழுப்ப வேண்டும். சூடு ஏறியதும் குழாயைத் திருப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்றினால் பொழுது சாயும்வரை உழும். பொத்தான், சாவி எதுவும் கிடையாது. முன்னால் ஹேண்டிலைச் செருகிக் கையால் சுற்ற வேண்டும். ஒருவர் சுற்றும்போது இன்னொருவர் சீட்டில் உட்கார்ந்து, காற்றை அடைக்கிற சோக் கம்பியை இழுத்துப் பிடித்திருக்க வேண்டும். இன்ஜின் பிடித்த நொடியில் அதை விட்டுவிடவும் வேண்டும். கொஞ்சம் தாமதித்தாலும் பெட்ரோலைக் குடித்து மூச்சு முட்டி நின்றுவிடும்.

நான் சுற்றுவேன், என் மனைவி சோக் பிடிப்பாள். ரேணிகுண்டாவில் பழைய வண்டியாக அதை வாங்கி ஓட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து அப்படித்தான். டிராக்டர் சீட்டில் பொம்பளை உட்காருகிறாள் என்று ஊர் சிரித்தது. சிரித்தவர்கள் எல்லாரும் தங்கள் நிலத்தை உழ என்னிடம்தான் வந்து நின்றார்கள், அது வேறு விஷயம். எப்போது விட வேண்டும் என்று அவளுக்கு நான் சொல்லித் தந்ததே இல்லை. நான் முதுகை நிமிர்த்துவதற்குள் அவள் கை சோக்கை விட்டிருக்கும்.

தை மாதத்துக் காய்ச்சலில் அவள் போய்விட்டாள். அந்த வருஷம் வெயில் ஏறும்போது எல்லைக் கோடும் ஒரு முடிவுக்கு வந்தது. திருத்தணி சென்னை ராஜ்யத்துக்குப் போயிற்று, நகரிப் பக்கம் இருந்த நாங்கள் ஆந்திராவிலேயே நின்றோம். அவள் பிறந்த வீடு திருத்தணிக்குப் பக்கத்தில். பஸ் அதே பஸ்தான், ரோடும் அதே ரோடுதான். ஆனாலும் அந்தப் பக்கம் உனக்கு இனி என்ன வேலை என்று யாரோ என்னைக் கேட்டுவிட்டது போல இருந்தது. நான் போகவே இல்லை.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. நானே பொங்கி, நானே தின்று, நானே சட்டி கழுவினேன். வாய்விட்டுப் பேச வண்டி ஒன்றுதான் மிச்சம். பேசினேன் என்றால், திட்டினேன். சோக் கம்பியை இழுத்து சீட்டின் காலில் கயிற்றால் கட்டிவிட்டு முன்னால் போய்ச் சுற்றுவேன். பிடித்ததும் ஓடி வருவேன். பாதி நாட்களில் முடிச்சை அவிழ்ப்பதற்குள் வண்டி நின்றுவிடும். மறுபடியும் கட்டுவேன், மறுபடியும் சுற்றுவேன்.

புரட்டாசியில் ஆயுத பூஜை வந்தது. பூஜை எல்லாம் அவள் வேலை. விட்டுவிடலாமா என்று நினைத்தேன். மனசு கேட்கவில்லை. வண்டியைக் கழுவி, சந்தனத்தை நிறையக் குழைத்து, கண்ணில் பட்ட இடத்துக்கெல்லாம் பூசிப் பொட்டு வைத்தேன். மூடி, சக்கரம், ஹேண்டில், கலப்பை எதுவும் மிச்சமில்லை. இன்ஜின் பக்கவாட்டில், உள்ளே நெருப்புப் பொறி விடுகிற நான்கு பிளக்குகளும் வெள்ளைப் பீங்கான் கழுத்தோடு வரிசையாக நின்றன. பார்க்க அழகாக இருந்ததால் கழுத்து முழுக்கச் சந்தனம் பூசி அதன்மேல் குங்குமமும் அப்பினேன். தனியாகப் பூஜை செய்கிறவனுக்குப் போதும் என்று சொல்ல ஆள் கிடையாது.

அன்று சாயங்காலம் என் மைத்துனன் வந்தான், அவளுடைய தம்பி. வந்த வேகத்தில் விஷயத்துக்கு வந்துவிட்டான்.

"வண்டிய வித்துடு மாமா. நெலத்த குத்தகைக்கு உட்டுட்டு எங்ககூட வந்துடு. இங்க யாருக்காக உக்காந்துகினு இருக்கற? உன்ன கூட்டிகினுதான் வரணும்னு அம்மா சொல்லி அனுப்பிச்சிருக்குது."

அவன் சொன்னதில் தப்பு ஒன்றுமில்லை. அதனால்தான் எனக்குக் கோபம் வந்தது. என் கோபத்துக்குக் காரணம் எப்போதும் அந்த மாதிரிதான் இருக்கும்.

"நாளைக்கு விஜயதசமி. வண்டி ஸ்டார்ட் ஆச்சின்னா நான் இங்கதான். ஆவலன்னா நீ கூப்புட்ற எடத்துக்கு வரேன். போதுமா?"

"அப்புறம் பேச்சு மாறக்கூடாது மாமா."

"மாறமாட்டேன். துன்னுட்டுப் படு."

காலையில் பனி நன்றாக இறங்கியிருந்தது. கொட்டகைக்குள் இன்னும் வெளிச்சம் வரவில்லை. அவன் சோக் பிடிக்கிறேன் என்று வந்தான். என் வண்டி, நானே எடுத்துக்கொள்கிறேன் என்று முறைத்தேன். கயிற்றைக் கட்டிவிட்டுச் சுற்றினேன். பொறிக்கு மின்சாரம் தருகிற மேக்னட்டோ டக் டக் என்று தட்டியது. அதற்கு மேல் ஒரு சத்தமும் இல்லை. திரும்பத் திரும்பச் சுற்றினேன். ஒரு இருமல்கூட இல்லை.

பெட்ரோல் குழாயைப் பார்த்தேன், திறந்துதான் இருந்தது. கார்ப்பரேட்டர் அடித் திருகைத் தளர்த்தினேன், பெட்ரோல் கொட்டியது. பிளக்குகளைக் கழற்றினேன். முனை நான்கும் நனைந்திருந்தன. முனையை மட்டும் துடைத்து, நெருப்பில் வாட்டி மாட்டினேன். மேக்னட்டோவின் மூடியைக் கழற்றி பாயிண்டைச் சுத்தம் செய்தேன். மறுபடியும் சுற்றினேன். கை எரிந்தது. ரோட்டோடு போன ஒருவர் "ஏமன்னா, ஸ்டார்ட் காலேதா?" என்று தெலுங்கில் கேட்டார். ஸ்டார்ட் ஆகவில்லை என்றுதான் தெரிகிறதல்லவா, ஏன் கேட்கிறாய் என்று தமிழில் முணுமுணுத்தேன்.

மைத்துனன் இத்தனை நேரமும் தூணில் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்தான். கடைசியில் வந்து என் கையிலிருந்த ஹேண்டிலை வாங்கினான். வண்டி கிளம்பாமல் இருந்தால் அவனுக்குத்தான் லாபம். ஆனாலும் வாங்கினான்.

"நீ நெருப்பு வருதான்னு பாரு மாமா, நான் சுத்தறேன்."

அதுவும் இரண்டு பேர் வேலைதான். நான் ஒரு பிளக் ஒயரைக் கழற்றி முனையை இன்ஜின் இரும்புக்குப் பக்கத்தில் பிடித்தேன். அவன் சுற்றினான். நீலமாக, தடியாகப் பொறி பாய்ந்தது. மேக்னட்டோ நன்றாக இருக்கிறது, பிளக் நன்றாக இருக்கிறது, பெட்ரோல் இருக்கிறது. பிறகு என்ன கேடு இதற்கு? ஒயரை மாட்டிவிட்டுக் குனிந்தபடியே இருந்தேன். அவன் விடாமல் சுற்றிக்கொண்டிருந்தான்.

அப்போதுதான் பார்த்தேன். பிளக்கின் கழுத்தில், குங்குமத்தின் மேல், மெல்லிய நீலக் கோடு ஒன்று சட் சட் என்று நெளிந்து இறங்கியது. பனியில் ஊறின சந்தனமும் குங்குமமும் மின்சாரத்துக்கு வழி போட்டுக் கொடுத்திருந்தன. உள்ளே போக வேண்டிய நெருப்பு வெளியிலேயே இறங்கி ஓடிக்கொண்டிருந்தது. வண்டியில் ஒரு கோளாறும் இல்லை. கோளாறு என் பூஜை.

இத்தனை வருஷம் அவள்தான் பொட்டு வைத்தாள். ஒரு விஜயதசமிக்கும் வண்டி மக்கர் செய்ததில்லை. அவள் எங்கே வைத்தாள், எதை விட்டாள் என்று நான் ஒருநாளும் கவனித்ததில்லை. சுண்டல் எப்போது இறங்கும் என்றுதான் கவனித்திருக்கிறேன். குனிந்த இடத்திலேயே எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

மைத்துனனுக்கு ஒன்றும் தெரியாது, வேர்க்க வேர்க்கச் சுற்றிக்கொண்டிருந்தான். பேசாமல் நிமிர்ந்து, ஆவறதில்லப்பா, கிளம்பலாம் என்று சொல்லியிருக்கலாம். அங்கே போனால் மூன்று வேளையும் யாராவது துன்னியா என்று கேட்பார்கள். அவள் முகச்சாடையில் அங்கே இரண்டு மூன்று முகங்கள் உண்டு. நிஜமாகவே எனக்குப் போக ஆசையாக இருந்தது. ஆனால் கோளாறு தெரிந்த பிறகு கையைக் கட்டிக்கொண்டு நிற்க என் கைக்குத் தெரியவில்லை. துண்டை எடுத்தேன். பூஜைக் குங்குமத்தைத் துடைக்கக் கூசியது. துடைத்தேன். நான்கு கழுத்தையும் பளிச்சென்று துடைத்து, காய்கிற வரை ஊதினேன்.

"போய் சோக்கப் பிடி" என்றேன்.

அவன் கயிற்றை அவிழ்த்துவிட்டு, அவள் உட்காரும் சீட்டில் ஏறி உட்கார்ந்தான். முதல் சுற்றிலேயே இன்ஜின் பிடித்தது. அவனுக்கு எப்போது விடுவது என்று தெரியவில்லை. விடு, விடுடா என்று கத்தினேன். விட்டான். வண்டி திணறி, இருமி, பிறகு ஒரே சீராக ஓடத் தொடங்கியது.

அவன் இறங்கி வந்து என் காதருகே கத்தினான். "நான் வேணா ரெண்டு நாள் இருந்துட்டுப் போவட்டா?"

"எதுக்கு? நான் பாத்துக்கறேன்" என்று நானும் கத்தினேன். இருடா என்று சொல்ல வாய்வரை வந்தது. என் வாய் எப்போதும் அப்படித்தான், உள்ளே ஒன்று இருக்க வெளியே வேறு வரும்.

பையை எடுத்துக்கொண்டு ரோட்டுக்கு நடந்தான். பாதி தூரத்தில் திரும்பி நின்று ஏதோ சொன்னான். இன்ஜின் சத்தத்தில் கேட்கவில்லை. நிறுத்திவிட்டுக் கேட்டிருக்கலாம். நிறுத்தினால் திரும்ப எடுக்க ஆள் வேண்டுமே. கேட்டது போலத் தலையாட்டினேன். அவனும் தலையாட்டிவிட்டுப் போனான்.

அன்றைக்கு எங்கள் நிலம் முழுவதையும் உழுதேன். வெயில் தாழ்ந்த பிறகு, உழுததையே மறுபடியும் உழுதேன். மண்ணுக்கு அது தேவையே இல்லை. மறுநாள் வண்டி எழ வேண்டுமென்றால் பெட்ரோலுக்கு மாற்றி நிறுத்த வேண்டும் என்று தெரிந்தும் கை போகவில்லை. கடைசியில் கிருஷ்ணாயில் தீர்ந்து, மேற்கு வரப்போரமாக வண்டி தானாகவே நின்றது. நான் சீட்டிலேயே உட்கார்ந்திருந்தேன். மைத்துனன் இந்நேரம் வீடு போய்ச் சேர்ந்திருப்பான். அத்தை எனக்கும் சேர்த்து இலை போட்டுவிட்டு வாசலைப் பார்த்திருப்பாள். "மாமா வரலம்மா, வண்டி ஸ்டார்ட் ஆயிடுச்சி" என்று அவன் சொல்லியிருப்பான்.