பச்சை விளக்கை நம்பாதவர்

"சிஸ்டர் அக்கா, கடைசியா என்ன எழுதினீங்க? சேமிச்சாச்சா? சும்மா சொல்லாதீங்க, திரையைப் பார்த்துச் சொல்லுங்க."

மருத்துவமனையின் கணினிப் பிரிவில் வேலை பார்க்கும் அந்தப் பெண்மணி ரிசீவரைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு தட்டச்சு செய்கிறார். மறுமுனையில் இருப்பவர் குழந்தைகள் வார்டு செவிலியர். ஜன்னலோரக் கட்டில் பையனுக்குக் காய்ச்சல் இறங்கிவிட்டது, பால் குடித்தான் என்று எழுதியதை அப்படியே ஒப்பிக்கிறார். இவர் தன் திரையில் அந்த வரியைத் தேடிப் பிடிக்கிறார். "ம், வந்துடுச்சு. சரி, போய் வேலையைப் பாருங்க" என்று, ஏதோ செவிலியர்தான் இத்தனை நேரம் வம்பளந்துகொண்டிருந்ததுபோல ரிசீவரை வைக்கிறார்.

விஷயம் இதுதான். அந்த மருத்துவமனையில் யார் எதை எழுதினாலும் அது பிரதான சர்வரில் போய் உட்காரும். அதே நொடியில் எதிர்க் கட்டடத்தில் இருக்கும் இன்னொரு சர்வரிலும் அதன் நகல் விழ வேண்டும். அதற்கு ஸ்டாண்ட்பை என்று பெயர். முதலாவது படுத்துவிட்டால் இரண்டாவது எழுந்து நின்று வேலையைப் பார்க்கும். இரண்டும் ஒத்துப்போகின்றனவா என்று காட்ட, சுவரில் ஒரு பெரிய திரையில் பச்சை விளக்கு எரிகிறது. அறையில் எல்லோரும் அதைப் பார்த்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விடுவார்கள். இவர் மட்டும் அந்தத் திரைக்கு முதுகைக் காட்டி, ஸ்டாண்ட்பையில் விழுவதைக் காட்டும் தன் சின்னத் திரைக்கு முன்னால் நாற்காலியைப் போட்டிருக்கிறார். கேட்டால், "விளக்கு சொல்லிக் கொடுத்ததைச் சொல்லும். சிஸ்டர் எழுதினதைச் சொல்லுவாங்க. எனக்கு சிஸ்டர் போதும்" என்பார்.

அலுவலகத்தில் இவருக்குப் பெயர் 'சந்தேகம்'. முதுகுக்குப் பின்னால் அல்ல, நேராகவே அப்படித்தான் கூப்பிடுகிறார்கள், இவரும் "என்ன?" என்று திரும்புகிறார். சர்வர் அறையின் குளிருக்குக் கணவருடைய பழைய ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டிருப்பார், முழங்கை இரண்டும் ஓட்டை. பேனா வைக்கிற குவளையில் வறுத்த கடலை. வீட்டிலும் இதே கதைதான். கணவர் கதவைப் பூட்டிவிட்டுப் படியிறங்கினால் இவர் திரும்பி ஏறி, பூட்டை ஒரு இழு இழுத்துப் பார்ப்பார். அந்த மனிதர் கோபிப்பதை எப்போதோ விட்டுவிட்டார். இப்போதெல்லாம் கீழே நின்று, "இழுத்தாச்சா? போலாமா?" என்று மட்டும் கேட்கிறார். மகள் பல் தேய்த்துவிட்டேன் என்றால், "எங்கே, ஊது" என்று குனிந்து முகத்தை நீட்டுவார்.

சந்தேகம் எப்போதும் ஜெயிக்கும் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். போன மாதம் நன்றாக மூக்குடைபட்டார். செவிலியர் சொன்ன வரி ஸ்டாண்ட்பையில் இல்லை என்று அலறியடித்து, பாதி அலுவலகத்தைக் கூட்டிவிட்டார். கடைசியில் பார்த்தால் செவிலியர் எழுதிவிட்டுச் சேமிக்கவே இல்லை. எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மேலாளர் சிரிக்கவில்லை. "இன்னொரு தடவை இப்படி ஆளைக் கூட்டினீங்கன்னா உங்களை பிரிண்டர் செக்‌ஷனுக்கு அனுப்பிடுவேன்" என்றார். பிரிண்டர் செக்‌ஷன் தரைக்குக் கீழே இருக்கிறது. ஜன்னல் கிடையாது, சிக்கிய தாளை உருவுவதைத் தவிர வேறு வேலையும் கிடையாது. இவர் போன் செய்வதை நிறுத்தவில்லை. 'சேமிச்சாச்சா?' என்ற கேள்வியைக் கூடச் சேர்த்துக்கொண்டார், அவ்வளவுதான்.

அப்புறம்தான் அந்த நாள் வந்தது. பிரதான சர்வரை நிறுத்திப் பழுது பார்க்க வேண்டும். நண்பகலிலிருந்து மருத்துவமனை முழுவதும் ஸ்டாண்ட்பையில் ஓடும். மாற்றிவிட இரண்டு பேர் கடவுச்சொல் போட வேண்டும், ஒருவர் மேலாளர், இன்னொருவர் இவர். வேடிக்கை பார்க்கத் தலைமை மருத்துவரே வந்து நின்றார். மேலாளர் தன்னுடையதைப் போட்டுவிட்டு நகர்ந்து இடம் கொடுத்தார். இவர் விசைப்பலகை பக்கம் போகவில்லை, போன் பக்கம் போனார்.

"காலையில ஒரு பொண்ணைச் சேர்த்தோம்" என்றார் செவிலியர். "ஒரு ஊசி மருந்து அவளுக்கு ஒத்துக்காதுன்னு அவங்க அம்மா சொன்னாங்க. எச்சரிக்கைப் பக்கத்துல சிவப்புல போட்டிருக்கேன். சேமிச்சாச்சான்னு கேக்காத, உன் தொல்லைக்குப் பயந்தே ரெண்டு தடவை அழுத்தினேன்."

ஸ்டாண்ட்பையில் அந்தப் பெண் இருந்தாள். கட்டில் இருந்தது, எடை இருந்தது, அம்மாவின் தொலைபேசி எண்கூட இருந்தது. சிவப்பு எச்சரிக்கை மட்டும் இல்லை.

"பச்சைதானே எரியுது? ரெண்டு நிமிஷத்துல வந்துடும், போடுங்க" என்றார் மேலாளர்.

"பச்சை எரியட்டும் சார். அந்தப் பொண்ணுக்கு ஊசி போடப்போறது விளக்கு இல்லை."

"போன மாசமும் இதே கூத்துதான். டாக்டர் சார் முன்னாடி என் மானத்தை வாங்காதீங்க. இதுவும் புஸ்ஸுன்னு போச்சுன்னா நாளைக்கே பிரிண்டர் செக்‌ஷன். சொல்லிட்டேன்."

 இவர் இரண்டு கைகளையும் ஸ்வெட்டரின் நீளமான கைகளுக்குள் இழுத்துக்கொண்டார். "பிரிண்டர் செக்‌ஷன்ல உட்கார எனக்கு வெட்கம் இல்லை சார். இதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இங்க உட்கார்றதுக்குத்தான் வெட்கம். நான் போட மாட்டேன்."

பிறகு கைகளை வெளியே எடுத்துத் தேட ஆரம்பித்தார். வேறொரு குழந்தைக்கு எழுதிய எச்சரிக்கை, அதுவும் இல்லை. ஒருவருக்கும் இல்லை. அந்தப் பக்கமே ஸ்டாண்ட்பையில் இல்லை. போன வாரம்தான் புதிதாகச் சேர்த்த பக்கம் அது. இதையும் நகலெடு என்று ஸ்டாண்ட்பைக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லாததை அது எடுக்கவில்லை. விளக்கோ எடுத்ததை மட்டும் சரிபார்த்து, எல்லாம் நலம் என்று பச்சையாய்ச் சிரித்துக்கொண்டிருந்தது.

"அந்தப் பக்கத்தைச் சேர்த்தது யாரு?" என்று கேட்டார் தலைமை மருத்துவர்.

மேலாளர் சுற்றி நின்றவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார்.

"நான்தான்" என்றார் சந்தேகம். "சேர்த்தேன். ஸ்டாண்ட்பைக்குச் சொல்ல மறந்துட்டேன்."

மேலாளருக்கு உயிர் வந்தது. "அப்போ தப்பு உங்க மேலதானே?"

"ஆமா சார். அதனாலதான் போன் பண்றேன். எனக்கு என் மேலயும் நம்பிக்கை கிடையாது."

 "எல்லாத்தையும் நாளைக்குப் பேசிக்கலாம்" என்று முனகினார் மேலாளர். அந்த 'எல்லாம்' எது என்று இவருக்குப் புரியாமல் இல்லை. கடலையை ஒரு கை அள்ளி வாயில் போட்டுக்கொண்டு வேலையில் இறங்கினார். விட்டுப்போன பக்கத்தை ஸ்டாண்ட்பைக்குச் சொல்லி, அதுவரை எழுதிய எச்சரிக்கைகள் எல்லாம் அங்கே போய்ச் சேரும்வரை திரையைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. நண்பகல் தாண்டிவிட்டது. பழுது பார்க்க வந்தவர்கள் வாசலில் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு கொட்டாவி விட்டார்கள். கடைசியில் சிவப்பு வரி இவர் திரையிலும் வந்து நின்றது.

"வந்துடுச்சு, நானே பார்த்தேன்" என்றார் மேலாளர். "இப்பவாவது போடுங்க."

தலைமை மருத்துவர் கடிகாரத்தைப் பார்த்தார். இவர் ரிசீவரை எடுத்துத் தோளில் இடுக்கினார்.

"சிஸ்டர் அக்கா, அதே எச்சரிக்கைப் பக்கத்துல வேற யாருக்காவது புதுசா எழுத வேண்டியது இருக்கா? ஓ, இருக்கா? அப்போ எழுதுங்க. பழசு வந்துடுச்சு, புதுசும் வருதான்னு பார்க்கணும். நான் இருக்கேன்."

மேலாளர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். இவர் திரும்பிப் பார்க்காமலே, கடலைத் தோல் ஒட்டியிருந்த உள்ளங்கையை அவர் முகத்துக்கு நேரே உயர்த்திப் பிடித்தார்.

"சேமிச்சாச்சா, அக்கா?"