அகலம் தவறிய என்ஜின்

கண்டியில் ரயில் ஒருமுறை ஊதினால் இரண்டு முறை கேட்கும். பேராதனைப் பக்கமிருந்து வரும் வண்டி ஊதியதும், எதிரே நிற்கும் மலை அதை வாங்கித் திருப்பி அனுப்பிவிடுகிறது. வந்த புதிதில் எனக்கு இது தெரியாது. இரண்டாவதாகக் கேட்பது வேறு வண்டி என்று நினைத்துக்கொண்டு, வேலையைப் போட்டுவிட்டுக் கடை வாசலுக்கு வந்து நிற்பேன். தனுஷ்கோடி வழியாக ஊர்த் தபால் ஏறிவரும் வண்டியாக இருக்கக் கூடாதா என்று ஓர் ஆசை. அரை மணி நேரம் கழித்து ஒன்றுமில்லாமல் உள்ளே போவேன். ஒரு வருடம் இப்படி ஏமாந்தேன் என்று சொன்னால் ஊரில் இருப்பவர்கள் சிரிப்பார்கள். என்னைப் போலக் கடல் தாண்டி வந்தவர்கள் சிரிக்க மாட்டார்கள்.

எனக்குச் சொந்த ஊர் மானாமதுரை. தொழில் கடிகாரம் பழுதுபார்ப்பது. கண்டியில் கொழும்புத் தெரு என்று ஒரு தெரு. அதில் ஆறடி அகலத்தில் ஒரு கடை, அதற்கு மேலே ஓர் அறை. மனைவி மரகதம் ஊரில் இருந்தாள். கை கால் விழுந்துபோன தன் தகப்பனாரை விட்டு அவளால் அசைய முடியாது. நாள் முழுக்க ஊராருடைய நேரத்தையெல்லாம் சரிபண்ணிக் கொடுத்துவிட்டு, என் சொந்த நேரத்தை என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருப்பேன். ஞாயிற்றுக்கிழமைகள்தான் மிக மோசம். ஊர் நடுவில் இருக்கும் குளத்தை ஒருமுறை சுற்றி வந்தால் முக்கால் மணி நேரம் தீரும். மிச்சம் அப்படியே கிடக்கும்.

அந்த மிச்சத்தை நிரப்ப வந்தது ஒரு பொம்மை என்ஜின். தோட்டத்துத் துரை ஒருவர் அதைப் பழுதுபார்க்கக் கொடுத்திருந்தார். சாவி கொடுத்தால் ஓடுவது, சீமையில் செய்தது. கூடவே, ஒரு வட்டமாக இணைக்கக்கூடிய எட்டுத் துண்டுத் தண்டவாளமும் இருந்தது. நான் வேலையை முடிப்பதற்குள் துரை சீமைக்கே திரும்ப ஏற்பாடாகிவிட்டது. நீயே வைத்துக்கொள் என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பிவிட்டார். உள்ளே பார்த்தால் பெரிய கடிகாரம்தான். அதே வில், அதே பற்சக்கரங்கள். கண்டி மழைக்கு வில் துருப்பிடிக்கும். மாதம் ஒருமுறை கழற்றி, மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, கடிகார எண்ணெய் ஒரு சொட்டு விட வேண்டும். கூடினால் தூசி ஒட்டும், குறைந்தால் கீச்சிடும். ஒரு பிள்ளைக்குப் பார்ப்பதுபோல இதற்குப் பார்த்தேன் என்று சொன்னால் மிகையில்லை.

கைக்கடங்கிய அந்த என்ஜின் என் மேசைமேல் இருந்தபோதுதான் டிரைவர் மாத்தயா கடைக்குள் வந்தார். மாத்தயா என்றால் இங்கே ஐயா என்பதுபோல. அவர் வெள்ளைக்காரக் கலப்பில் வந்த பறங்கி இனத்தவர், கடுகண்ணாவை மலை ஏற்றத்தில் இருபது வருடத்துக்கு மேல் என்ஜின் ஓட்டியவர். கடிகாரத்தைத் துடைத்து வாங்க வந்தவர், அதை மறந்துவிட்டுப் பொம்மையைக் கையில் எடுத்துப் புரட்டிப் பார்த்தார்.

"பாஸ், இதுக்கு மேல்சட்டை மாத்த ஏலுமா?" என்று கேட்டார். இந்த நாட்டில் கைத்தொழில்காரனுக்குப் பாஸ் என்று பெயர்.

"எந்த மாதிரி வேணும் மாத்தயா?"

"என்ட என்ஜின் மாதிரி. நான் ஓட்டுறது. அதே மாதிரி."

அன்றிலிருந்து என் ஞாயிற்றுக்கிழமைகளுக்கு ஒரு போக்கிடம் கிடைத்தது. கண்டியை ஒட்டிய அம்பிட்டியவில் மேட்டின்மேல் அவர் வீடு. மனைவி இறந்துவிட்டார், மகள் கொழும்பில் இருந்தாள். விறாந்தையில் தண்டவாளத்தை வட்டமாகப் பரப்பி, ஆளுக்கொரு கதிரையில் உட்கார்ந்து, சட்டை கழற்றிய வெறும் இயந்திரம் சுற்றுவதைப் பார்ப்போம். அவருக்கு என் தமிழ் பாதி புரியும், எனக்கு அவருடைய இங்கிலீசு கால்வாசி புரியும். பேச்சு குறைவுதான். ஆனாலும் கண்டியில் என் பெயருக்கு ஒரு கதிரை போட்டிருந்த வீடு அது ஒன்றுதான்.

புதுச் சட்டைக்குத் தகரம் வேண்டும். கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில் தகரக்கடை வைத்திருந்த முஸ்லிம் பெரியவரிடம் போனேன். நானா என்றுதான் எல்லோரும் அவரைக் கூப்பிடுவார்கள். அவர் தகட்டை வெட்டிக்கொண்டே, "மத்தவங்க வாளி கேப்பாங்க, லாம்பு கேப்பாங்க. நீங்க என்னத்துக்கு ரயில் செய்றீங்க? ரயில்தான் கடைக்கு முன்னாலயே போகுதே" என்றார். அவர் தகட்டைச் சுருட்டிக் கையில் கொடுத்துவிட்டு, பாவம் என்று பார்த்தார்.

ஸ்டேஷனில் டிரைவரின் என்ஜினை நாலைந்து முறை நேரில் பார்த்தேன். அடிக்கோல் எடுத்துப் போ என்று அவர் சொன்னார். கடிகாரக்காரனுக்குக் கண்ணே அடிக்கோல் என்று நான் ஜம்பம் அடித்தேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம். மூன்று மாதம் வெட்டி, வளைத்து, பற்றவைத்து, அரம் போட்டேன். புகைபோக்கி, டிரைவர் நிற்கும் கூடு, இரு பக்கமும் ஓடும் நடைபலகை, மண்ணெண்ணெய் விளக்குகூட வைத்தேன். கறுப்புச் சாயம் காய்ந்ததும் புடவைத் துண்டில் சுற்றி அம்பிட்டியவுக்கு எடுத்துப்போனேன்.

டிரைவர் மாத்தயா அதைத் தண்டவாளத்தில் வைத்தார். பிறகு, அந்த வயதிலும், தரையில் படுத்துக் கன்னத்தைச் சிமெந்தில் வைத்து, என்ஜினை நேர் எதிரே இருந்து பார்த்தார். வெகுநேரம் எழுந்திருக்கவில்லை.

"வேலை நல்லம் பாஸ்," என்றார் கடைசியில். "ஆனா இது என்ட என்ஜின் இல்லை. உங்கட பக்கத்து என்ஜின். வேளாங்கண்ணிக்குப் போனப்ப பார்த்திருக்கிறன்."

நானும் குனிந்து பார்த்தேன். அவர் சொன்னது சரி. நம் பக்கத்துத் தண்டவாளம் ஒரு மீட்டர் அகலம். அதன்மேல் வரும் என்ஜினுக்குச் சக்கரங்கள் நெருங்கி உள்ளே கிடக்கும், உடம்பு இரு பக்கமும் வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். இந்த நாட்டில் தண்டவாளம் ஐந்தரை அடி. இங்கே என்ஜின் காலை அகட்டி வைத்து நிற்கும். பொம்மையின் சக்கரங்களை நான் தொடவில்லை. ஆனால் அதன்மேல் கூட்டையும் பலகையையும் நம் ஊர் அகலத்துக்குப் பிதுங்கவிட்டிருந்தேன். எத்தனை முறை கண்டி என்ஜினைப் போய்ப் பார்த்தாலும், கை மட்டும் மானாமதுரை என்ஜினைத்தான் செய்திருக்கிறது.

அந்த வாரம்தான் மரகதத்தின் கடிதம் வந்திருந்தது. தகப்பனார் தவறி மூன்று மாதமாகிறது, இனி அங்கே என்னை அழைத்துக்கொள்ளுங்கள், இல்லை நீங்கள் இங்கே வந்துவிடுங்கள், இரண்டில் ஒன்று சொல்லுங்கள் என்று எழுதியிருந்தாள். நான் பதிலைத் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தேன். என்ஜின் பதில் சொல்லிவிட்டதாக எனக்குத் தோன்றியது. ஏழு வருடம் இருந்தும் இந்த நாடு என் கண்ணுக்குள் ஏறவில்லை, நான் ஊர்க்காரன்தான் என்று முடிவுகட்டிக் கடையைப் பூட்டினேன்.

விடைபெறப் போனபோது டிரைவர் மாத்தயாவின் முகம் மாறிவிட்டது.

"நான் சொன்னது கோபமா பாஸ்? கோபம் வேணாம். ரெண்டு பக்கமும் கொஞ்சம் வெட்டினா சரி."

"கோபம் இல்ல மாத்தயா. ஊருக்குப் போறேன்."

"சரி, சரி. வெட்ட வேணாம். இப்படியே இருக்கட்டும். எனக்கு இதே போதும்."

நான் மறுபடி மறுபடி இல்லை என்றேன். மறுக்க மறுக்க, கோபம்தான் என்று அவருக்கு உறுதிப்பட்டது. அதை விளக்க என்னிடம் இருந்த இங்கிலீசும் அவரிடம் இருந்த தமிழும் போதவில்லை. அந்தத் தவறான என்ஜினை அவருக்குக் கொடுக்க மனம் ஒப்பாமல், சரியாகச் செய்து அனுப்புகிறேன் என்று தண்டவாளத்தோடு நானே எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அதையும் அவர் கோபமாகவே எடுத்திருப்பார்.

தலைமன்னாரில் கப்பலேறி, மறுகரையில் தனுஷ்கோடியில் இறங்கினேன். மணல் வெயிலில் வண்டி நின்றுகொண்டிருந்தது. பிறந்ததிலிருந்து பார்த்த என்ஜின். அதை எதிரே இருந்து பார்த்ததும் எனக்கு வந்த முதல் நினைப்பு, இதை யாரோ தப்பாகச் செய்துவிட்டார்கள் என்பதுதான். கால்களை ஒடுக்கிக்கொண்டு, இப்போது விழுமா அப்போது விழுமா என்று நின்றது. பெட்டிக்குள் இருந்த என் என்ஜினை நினைத்துக்கொண்டேன். கண் கூசும் வெயிலென்று சமாதானம் சொல்லிக்கொண்டு ஏறி உட்கார்ந்தேன்.

மானாமதுரையில் எங்கள் வீடு ஸ்டேஷனுக்குப் பக்கத்தில்தான். ரயில் ஊதும், ஒரே ஒருமுறை. நான் சாப்பிடும் கையை நிறுத்திவிட்டு அடுத்த சத்தத்துக்காகக் காத்திருப்பேன். மரகதம் ஒரு மாதம் பொறுத்துப் பார்த்தாள்.

"அதான் ஊதிருச்சுல்ல. இன்னும் எதுக்குக் காதைத் தீட்டிக்கிட்டு இருக்கீங்க?"

"ஒண்ணுமில்ல. பழக்கம்."

"நீங்க வந்த மாதிரியே இல்ல. பாத்துட்டுப் போக வந்த மாதிரி இருக்கு."

சண்டைக்காகச் சொல்லவில்லை. குழம்பை ஊற்றிக்கொண்டே சொன்னாள். ஊரில் கடை வைத்துப் பார்த்தேன். சனங்கள் அன்பாகத்தான் இருந்தார்கள், கண்டிக்காரர் என்று கூப்பிட்டார்கள். ஆறாம் மாதம் நான் கண்டிக்கே திரும்பப் புறப்பட்டேன். என்னோடு வா என்று அழைத்தேன். "எங்கன இருந்தாலும் நீங்க அடுத்த சத்தத்துக்குத்தான் காத்துக்கிட்டு இருப்பீங்க. அதைப் பாக்கறதுக்கு நான் எதுக்கு அங்க வரணும்?" என்று கேட்டாள். அவள் சொன்னது உண்மைதான். தனியாகவே ரயிலேறினேன்.

மண்டபம் முகாமில் நோய்த் தடுப்புக்காகக் கடல் தாண்டப் போகிற எங்களையெல்லாம் நிறுத்திவைத்த நாட்களில் எனக்கு ஒரே ஒரு யோசனைதான் இருந்தது. என்ஜினைச் சரியாக வெட்டி டிரைவர் மாத்தயாவின் கையில் வைத்துவிட வேண்டும். கோபம் இல்லை என்பதற்கு என்னிடம் வேறு சாட்சி கிடையாது. கண்டிக்கு வந்ததும் ஸ்டேஷனுக்கு அடிக்கோலோடு போய் அளந்தேன். தகரம் வெட்டும் கத்தரி வாங்கக் கட்டுகஸ்தோட்டைக்குப் போனபோது தகரக்கடை நானா, "என்ன, ஊருக்கு வந்துட்டீங்களா?" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

வலது பக்கத்தை வெட்டிக் கூட்டை உள்ளே தள்ளிப் பற்றவைத்தேன். இதாவது சரியா என்று அவரிடம் காட்டிவிட்டு மறுபக்கத்தை வெட்டலாம் என்று அடுத்த ஞாயிறு அம்பிட்டியவுக்கு ஏறினேன். விறாந்தையில் யாரோ ஒரு பெண் மிளகாய் உலர்த்திக்கொண்டிருந்தாள். டிரைவர் மாத்தயா பென்ஷன் வாங்கிக்கொண்டு கொழும்புக்கு மகளிடம் போய்விட்டாராம். விலாசம் அவளுக்குத் தெரியாது. ஸ்டேஷனில் விசாரித்தேன். அங்கேயும் யாருக்கும் தெரியவில்லை. என் கதிரை இருந்த இடத்தில் மிளகாய்ச் சாக்கு இருந்தது. கோபமில்லை மாத்தயா என்று அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டு வரலாமா என்றுகூட ஒரு கணம் நினைத்தேன்.

அதன்பிறகு இடது பக்கத்தை வெட்டக் கை வரவில்லை. யாருக்காக வெட்டுவது? எனவே என் என்ஜினுக்கு வலது பக்கம் கண்டி அகலம், இடது பக்கம் மானாமதுரை அகலம். அறையில் தண்டவாளத்தை வட்டமாகப் பரப்பி, ஞாயிறுதோறும் துடைத்து எண்ணெய் விட்டு ஓட்டுகிறேன். கனத்த இடது பக்கம் வட்டத்தின் உட்புறமாக இருக்கும்படி ஓட்டினால் ஒழுங்காகச் சுற்றி வருகிறது. திருப்பி வைத்து எதிர்த்திசையில் விட்டால் வளைவில் வெளிப்பக்கம் சாய்ந்து விழுந்துவிடுகிறது. ஒரே திசையில் ஓட்டிவிட்டுப் பேசாமல் இருக்கலாம். எனக்கு அது முடிவதில்லை. சாவி கொடுத்துத் திருப்பி விட்டுவிட்டு, வெளியே ரயில் ஊதி, மலையிலிருந்து அது இரண்டாம் முறை கேட்கும்வரை, அது விழப்போகும் இடத்தில் கையை ஏந்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.