எழவில்லையார்

பென்சிலைப் பல்லில் கடித்தபடி அவர் கேள்வியின் கழுத்தைத் தேடிக்கொண்டிருக்கிறார். எந்தக் கேள்விக்கும் ஒரு கழுத்து உண்டு என்பது அவர் கட்சி. உறுப்பினர் எவ்வளவு கொதித்துப்போய் எழுதி அனுப்பியிருந்தாலும், ஏதாவது ஒரு சொல் நோஞ்சானாக நிற்கும். அங்கே பிடித்தால் போதும். "வா கண்ணு, வா. எங்க ஒளிஞ்சிருக்கே?" என்று காகிதத்தோடு கொஞ்சுவார். அகப்பட்டதும் அந்தச் சொல்லைச் சுற்றி ஒரு வட்டம் போட்டுவிட்டு, ஆறிப்போன டீயை எடுத்து நிம்மதியாக ஒரு வாய் குடிப்பார்.

அமைச்சர்களுக்குப் பதில் எழுதித் தருவது அவருக்கு உத்தியோகம். சட்டசபையில் உறுப்பினர் கேட்ட கேள்விக்கு அமைச்சர் எழுந்து, துண்டைச் சரி செய்துகொண்டு, கணீரென்று வாசிக்கிறாரே, அது இவர் சமைத்துப் போட்டது. அமைச்சர் வெறும் வாய்தான்.

ஒருமுறை, "ஆலைக் கழிவு நீர் ஆற்றில் விடப்படுவது உண்மையா? ஆம் எனில், தடுக்க என்ன நடவடிக்கை?" என்று ஒருவர் கேட்டார். இவர் 'ஆற்றில்' என்ற சொல்லில் வட்டம் போட்டார். கழிவு நீர் வாய்க்காலில்தான் விடப்படுகிறது. ஆகவே முதல் பகுதிக்குப் பதில்: இல்லை. முதல் பகுதி இல்லையென்றாகிவிட்டால் இரண்டாவது பகுதிக்குப் பதில் சொல்ல வேண்டிய அவசியமே கிடையாது. 'கேள்வி எழவில்லை' என்று இரண்டே சொல் எழுதி மூடிவிடலாம். அந்த வாய்க்கால் எங்கே போய் விழுகிறது என்று பக்கத்து அறைக்காரர் கேட்டதற்கு, "ஆத்துலதான் விழுது. ஆனா அதை அவங்க கேக்கலையே" என்றார். ஆற்றுத் தண்ணீரைக் குடிக்கிறவர்களுக்கு இந்த நுணுக்கம் தெரியாததால் அவர்கள் பாட்டுக்கு வயிற்றுப்போக்கில் கிடந்தார்கள்.

அலுவலகத்தில் அவருக்கு 'எழவில்லையார்' என்று பெயர். வீட்டிலும் வாய் அதே வாய்தான். "குழாய் ஒழுகுதே, ஆளைக் கூப்பிட்டீங்களா?" என்று மனைவி கேட்டால், "உரிய நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது" என்பார். "அப்ப கூப்பிடலை. அதை வாயைத் தொறந்து சொன்னா முத்து உதிர்ந்துடுமா?" என்று சொல்லிவிட்டு அந்த அம்மாளே போய் ஆளை அழைத்து வருவாள்.

அவருடைய அறையில் மூன்று மேசைகள், மூன்று நாற்காலிகள். முன்பு கல்விக்கு ஒருவர், நிவாரண உதவிக்கு ஒருவர், தொழிலுக்கு ஒருவர் என்று மூன்று பேர் இருந்தார்கள். இரண்டு பேர் ஓய்வு பெற்றுப் போனார்கள். அந்த இடத்துக்கு யாரையும் போடவில்லை. ஏன் போடவில்லை என்று ஒரு உறுப்பினர் கேட்டதற்கும் இவர்தான் பதில் எழுதினார். அன்றிலிருந்து கல்விக் கேள்வி வந்தால் முதல் நாற்காலி, உதவிக் கேள்வி வந்தால் நடு நாற்காலி, தொழில் கேள்வி வந்தால் ஜன்னலோர நாற்காலி. டீ கிளாஸைக் கையில் பிடித்துக்கொண்டு மாறி மாறி உட்காருவார். நாற்காலி மாறினால் முகமும் மாறும். கல்வியில் கொஞ்சம் கனிவு, உதவியில் கருமித்தனம், தொழிலில் உட்கார்ந்ததும் கால்மேல் கால் தானாக ஏறிக்கொள்ளும்.

இதில் வேடிக்கை, ஒரு நாற்காலிக்காரர் அடுத்த நாற்காலிக்காரருக்குக் கடிதம் எழுதுவதுதான். 'இப்பொருள் தங்கள் துறையைச் சார்ந்தது என்பதால் தங்களுக்கு அனுப்பப்படுகிறது' என்று கல்வியிலிருந்து எழுதி முத்திரை குத்துவார். எழுந்து போய் ஜன்னலோரம் உட்கார்ந்து, தான் எழுதியதைத் தானே பிரித்து, பெறப்பட்டது என்று இன்னொரு முத்திரை குத்துவார். படித்துவிட்டு, "என்ன இது, நம்ம தலையில கட்டப் பாக்கறாங்க?" என்று முகம் சுளிப்பார். சிரிக்கத்தான் தோன்றும். ஒரு பள்ளிக்கூடமே அந்த மூன்று நாற்காலிகளுக்கு நடுவில் விழுந்து காணாமல் போகும்வரை எல்லாரும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

அது ஒரு தொழிற்சாலையை ஒட்டிய பள்ளிக்கூடம். அங்கே டீச்சராக இருப்பவள் இவருடைய கூடப்பிறந்த தங்கை. விடுமுறை நாளில் பெய்த மழையில், தொழிற்சாலைக் கிடங்கின் உயரமான சுவர் சரிந்து பள்ளியின்மேல் விழுந்தது. வகுப்பறைகள் நொறுங்கிப்போயின. பிள்ளைகள் உள்ளே இல்லாதது யார் செய்த புண்ணியமோ.

அந்தத் தொகுதியின் உறுப்பினர் முன்னாள் நர்ஸ். சபையில் எல்லாருக்கும் அவர் நர்ஸம்மாதான். பள்ளியின் கூரை இடிந்து விழுந்தது உண்மையா, எப்போது கட்டித் தரப்படும் என்று கல்வி அமைச்சரிடம் கேட்டார். இவர் முதல் நாற்காலியில் உட்கார்ந்தார். கூரை எங்கே விழுந்தது? சுவர் அல்லவா விழுந்தது! கூரை அதன் அடியில் நசுங்கியது. ஆகவே: இல்லை, கேள்வி எழவில்லை. அடுத்த கூட்டத்தில் தொழில் அமைச்சரிடம், தொழிற்சாலைச் சுவர் விழுந்ததற்கு யார் பொறுப்பு என்று கேட்டார். ஜன்னலோர நாற்காலி: கிடங்கு குத்தகைக்கு விடப்பட்டிருப்பதால் அது தொழிற்சாலைச் சுவர் ஆகாது, கேள்வி எழவில்லை. மூன்றாவதாக நிவாரண உதவி கேட்டார். நடு நாற்காலி: இயற்கைச் சீற்றத்தில் மழை சேரும், சுவர் சேராது, கேள்வி எழவில்லை.

தங்கையின் பள்ளி என்று தெரிந்தேதான் எழுதினார். "மத்த பள்ளிக்கூடத்துக்கு என்ன எழுதறேனோ அதைத்தானே இதுக்கும் எழுதணும்? தங்கச்சின்னு வேற மாதிரி எழுதினா அது நியாயமா?" என்று மனைவியிடம் சொன்னார். நேர்மையாம்! ஊருக்கெல்லாம் விஷம் கொடுக்கிறவன், வீட்டுக்கும் அதையே கொடுக்கிறேன் பார் என்று மார்தட்டிக்கொள்வதற்குப் பெயர் நேர்மை என்றால், அந்தச் சொல்லைத் தலைமுழுகிவிட வேண்டியதுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தங்கை வீட்டுக்கு வந்தாள். கையில் அந்த மூன்று பதில்களின் அச்சுப் பிரதி. நர்ஸம்மா கொடுத்தாராம். செருப்பைக் கழற்றும்போதே ஆரம்பித்தாள்.

"இதைப் படிச்சியா அண்ணா? கூரை விழலையாம். அப்ப தினம் நாங்க எதைப் பாத்துட்டு வர்றோம், சினிமாவா? இதை எழுதினவன் எங்க பள்ளிக்கூடம் இருக்கற திக்குல தலைவச்சுக்கூடப் படுத்திருக்க மாட்டான்."

"உக்காரு முதல்ல" என்றார்.

"பிள்ளைங்க பாதி நின்னுட்டாங்க. இந்த வருஷக் கடைசிக்குள்ள இன்னும் குறைஞ்சா பள்ளிக்கூடத்தையே மூடிடுவாங்களாம், ஆள் இல்லைன்னு. இடத்தைப் புடுங்கிட்டு ஆள் இல்லைன்னா எப்படி? நீ அங்கதானே வேலை பாக்கற, யாரு எழுதினது இது? அவனுக்குப் பிள்ளைகுட்டி இருக்கா, இல்லையா?"

தண்ணீர் சொம்போடு வந்த மனைவி நடுவழியில் நின்று அவரையே பார்த்தாள்.

"அங்க நூறு பேர் எழுதுவாங்க. யாருன்னு எப்படிச் சொல்றது" என்றார் அவர்.

மனைவி சொம்பை மேசையில் நங்கென்று வைத்துவிட்டு உள்ளே போனாள். கொஞ்ச நேரத்துக்குச் சமையலறையில் பாத்திரங்கள்தான் பேசின. தங்கைக்கு ஒன்றும் புரியவில்லை. "நீயே ஒருதரம் வந்து பாரேன் அண்ணா. உனக்குத் தெரிஞ்சவங்ககிட்டச் சொன்னாலும் சொல்லலாம்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அவளுக்கு அண்ணன் பெரிய இடத்தில் இருக்கிறான் என்று அவ்வளவு நம்பிக்கை.

காய்ச்சல் என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டு அவர் போனார். பள்ளிக்கூடம் இப்போது தொழிற்சாலையின் சைக்கிள் கொட்டகையில் நடக்கிறது. தகரக் கூரை, சிமெண்ட் தரை, பின்வரிசைப் பிள்ளைகளின் முதுகுக்குப் பின்னால் சைக்கிள்கள். தங்கை ஏதோ கணக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தபோது சங்கு ஊதியது. சொல்லி வைத்தாற்போலப் பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு எழுந்து வெயிலில் போய் வரிசையாக நின்றார்கள். ஷிப்ட் முடிந்தவர்கள் வந்து, "தள்ளு, தள்ளு" என்று சைக்கிளை எடுத்தார்கள். கரும்பலகை வழியை மறைத்தது. "அண்ணா, அந்தப் பக்கம் ஒரு கை பிடி" என்றாள் தங்கை. அவர் பிடித்தார். சட்டையெல்லாம் சுண்ணாம்புப் பொடி.

வேலைக்கு உள்ளே போகிறவர்களில் சிலர் சீருடை தொளதொளக்கும் சிறு பெண்கள். ஒருத்தி டீச்சரைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டு வேகமாக நடந்தாள். "நல்லாப் படிக்கற பொண்ணு" என்றாள் தங்கை. "இங்க உக்காந்திருந்தது இப்ப அங்க நின்னு பெட்டி ஒட்டுது." அண்ணன் சட்டையிலிருந்த சுண்ணாம்புப் பொடியைத் தட்டிக்கொண்டிருந்தார்.

நர்ஸம்மா விடவில்லை. அடுத்த கூட்டத்தில் மூன்று துறைகளையும் சேர்த்து ஒரே கேள்வியாகப் போட்டார். எல்லாருக்குமாகக் கல்வி அமைச்சரே பதில் சொல்வது என்று முடிவாயிற்று. இந்த முறை எழவில்லையார் வட்டம் போடவில்லை. பள்ளி இடிந்தது, கட்டித் தரப்படவில்லை, பிள்ளைகள் கொட்டகையில் இருக்கிறார்கள் என்று உள்ளதை உள்ளபடி எழுதி மேலதிகாரியிடம் நீட்டினார். மேலதிகாரி படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

"என்ன சார், உடம்பு இன்னும் சரியாகலையா? இதை வாசிச்சா அமைச்சர் என்ன ஆவார், நீங்க என்ன ஆவீங்க, நான் என்ன ஆவேன்? பழசையே போடுங்க."

பழையதே அச்சானது. என்ன எழுதினார் என்பதை வீட்டில் சொல்லிப் பார்த்தார். "எழுதினதை யார் படிச்சா?" என்று மட்டும் கேட்டாள் மனைவி.

கேள்வி நேரத்தன்று அமைச்சர்களின் வரிசைக்குப் பின்னால், இடுப்பளவு மரத் தடுப்புக்கு அந்தப்புறம், அதிகாரிகளோடு அவர் உட்கார்ந்திருந்தார். மேலே பார்வையாளர் மாடத்தில் தங்கை. நர்ஸம்மா அனுமதிச் சீட்டு வாங்கிக் கொடுத்திருந்தார். அண்ணனைக் கண்டுபிடித்துவிட்ட சந்தோஷத்தில் பக்கத்திலிருந்தவரிடம் விரலை நீட்டிக் காட்டிக்கொண்டிருந்தாள்.

அமைச்சர் வாசித்தார். இல்லை. எழவில்லை. எழவில்லை. ஆளும் வரிசை மேசையைத் தட்டியது. பதில் என்னவென்று கேட்டுவிட்டுத் தட்டுகிற வழக்கம் அங்கே கிடையாது. அமைச்சர் மூச்சு வாங்கினால் தட்ட வேண்டும்.

நர்ஸம்மா எழுந்தார். ஊசி போடுமுன் கையைத் தடவிக் கொடுப்பதுபோல மெதுவாகக் கேட்டார்.

"அவைத் தலைவர் அவர்களே, நான் கூரையைப் பத்திக் கேக்கலை, சுவரைப் பத்தியும் கேக்கலை. அந்தப் பிள்ளைங்க இன்னிக்கு எங்க உக்காந்து படிக்கறாங்க? அதை மட்டும் அமைச்சர் சொல்லட்டும், போதும்."

அமைச்சருக்கு எங்கே தெரியும்? திரும்பிப் பார்க்காமலே வலது கையை மட்டும் பின்னால் நீட்டினார். துணைக் கேள்வி வந்தால் அந்தக் கையில் ஒரு துண்டுச் சீட்டு வைக்கப்பட வேண்டும். அதில் யார் பெயரும் இருக்கக் கூடாது என்பது மரபு. வாசித்துக் கைதட்டு வாங்கினால் அமைச்சருடைய சொல். மாட்டிக்கொண்டால் அது காற்றில் பறந்து வந்த காகிதம்.

"தகுந்த மாற்று ஏற்பாடு செய்யப்பட்டுள்ளதுன்னு எழுதுங்க, சீக்கிரம்" என்று மேலதிகாரி காதைக் கடித்தார். இவர் எழுதினார். நீட்டிய கையில் வைத்தார். எழுதிக் கொடுத்ததை முன்கூட்டிப் படித்துப் பார்க்கிற கெட்ட பழக்கம் அமைச்சருக்கு என்றுமே இருந்ததில்லை. அதே கணீர்க் குரலில் வாசித்தார்:

"பிள்ளைகள் தொழிற்சாலையின் சைக்கிள் கொட்டகையில், தரையில் உட்கார்ந்து படிக்கிறார்கள். சங்கு ஊதும்போதெல்லாம் எழுந்து வெயிலில் நிற்கிறார்கள். பெரிய வகுப்புப் பெண்கள் படிப்பை நிறுத்திவிட்டு அதே தொழிற்சாலையில் பெட்டி ஒட்டுகிறார்கள்."

மேசைகள் அதிர்ந்தன. ஆளும் வரிசை முழுவதும் தட்டியது. பின் பெஞ்சுக்காரர் ஒருவர் உற்சாகம் தாங்காமல் இரண்டு கையாலும் தட்டினார். பிள்ளைகள் வெயிலில் நிற்பதற்கு இப்படி ஒரு கரகோஷம் எங்கேயாவது கிடைக்குமா? முதலில் நிறுத்தியது முன்வரிசைதான். பிறகு ஒவ்வொரு கையாக மேசைமேலேயே தயங்கி நின்றது. கடைசியில் அந்தப் பின் பெஞ்சுக்காரர் மட்டும் தட்டிக்கொண்டிருந்தார். பக்கத்திலிருந்தவர் அவர் தொடையில் இடித்தார்.

அமைச்சர் திரும்பினார். இத்தனை வருஷத்தில் தடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் முகங்களை அவர் பார்த்தது அன்றுதான். சீட்டை இரண்டு விரலில் தூக்கிப் பிடித்தார்.

"யாரு எழுதினது இது?"

அதிகாரிகள் கூரையிலிருந்த மின்விசிறியைப் பார்த்தார்கள், செருப்பைப் பார்த்தார்கள். "விசாரிச்சுடறேங்க ஐயா, எங்கயோ தவறு நடந்துபோச்சு" என்று மேலதிகாரி கையைப் பிசைந்தார். மாடத்தில் தங்கை எழுந்து நின்று கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே எட்டிப் பார்த்தாள்.

அவர் தடுப்பின்மேல் சாய்ந்து அமைச்சரின் விரல்களிலிருந்து சீட்டை மெல்ல உருவினார். முழங்காலில் வைத்து, எழுதியதற்குக் கீழே தன் பெயரை, தலைப்பெழுத்தைக்கூடச் சுருக்காமல் அப்பா பெயரையும் முழுசாகச் சேர்த்து, எழுதினார். மை காய ஒருமுறை ஊதிவிட்டு, அதை அமைச்சர் கையிலேயே திருப்பிக் கொடுத்தார்.