தொடை வழியாகப் போன கம்பி

நான் கடலூரில் பள்ளி ஆசிரியை. தினம் ஐந்து மாத்திரை விழுங்கியும் என் ரத்த அழுத்தம் நூற்றெண்பதை விட்டு இறங்கவில்லை. என் கோபம்தான் காரணம் என்று எங்கள் தேவாலயப் பங்கு மக்கள் ஒருமனதாகத் தீர்ப்பளித்திருந்தார்கள். ஞாயிறு பூசை முடிந்து வெளியே வந்தால் ஆளுக்கொரு வைத்தியம்: முருங்கைக்கீரைச் சாறு, நவநாள் ஜெபம், வாயை அடக்குவது. கடைசி வைத்தியம் என் கணவருடையது.

சிதம்பரத்தில் நான் பார்க்கும் இதய மருத்துவர், மாத்திரைகளை ஒழுங்காகப் போடுகிறேனா, வேறு நோய் ஏதும் இருக்கிறதா என்றெல்லாம் சோதித்துவிட்டுப் புதிதாக வந்திருக்கும் ஒரு சிகிச்சையைச் சொன்னார். தொடை வழியாக மெல்லிய குழாயைச் சிறுநீரக ரத்தக்குழாய்வரை செலுத்தி, அதைச் சுற்றியிருக்கும் நரம்புகளைச் சூட்டால் அடக்குவது.

"கொஞ்சம் கொறையும் டீச்சர். சில பேருக்குக் கொறையாமலும் போவும். மாத்திரைய நிறுத்த முடியாது."

இதில் என் கணவர் காதில் ஏறியது "கொறையும்" மட்டும். அடுத்த ஞாயிறே கோயில் வாசலில் அறிவித்துவிட்டார். "கம்பிய உட்டு நரம்பப் பொசுக்கிடுவாங்க. அப்புறம் மாத்திரையெல்லாம் குப்பையில."

"டீச்சர் கோவமும் போயிடுமா?" என்றார் ஒருவர்.

"அதுக்கும் சேத்துதான்."

சிகிச்சையின்போது எனக்கு அரை மயக்கம்தான். ஒவ்வொரு சூட்டுக்கும் விலாவுக்குப் பின்னால் சுரீரென்றது. செத்துவிடுவேனோ என்று பயந்தேன். வெளியே கொண்டுவந்தபோது என் கணவரைக் காணோம். கேன்டீனில் ஊறுகாயோடு தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தாராம்.

மூன்று மாதம் கழித்து அழுத்தம் நூற்றைம்பதுக்குப் பக்கம் வந்தது. ஒரு மாத்திரையும் குறைந்தது. எனக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது. அவரோ பழுதான மிக்சியைத் திருப்பித் தர வந்தவர்போல மருத்துவரிடம் பாய்ந்தார்.

"இவ்ளோதானா சார்? இன்னும் நாலு மாத்திரை இருக்குதே!"

மருத்துவர் அவர் கையில் ரத்த அழுத்தம் பார்க்கும் பட்டையைச் சுற்றினார். நூற்றெழுபது.

"மெஷின் சரியில்ல."

"டீச்சருக்கும் இதுலதான் பாத்தேன்."

என் கணவர் குரல் இறங்கியது. "அப்ப எனக்கும் அந்தக் கம்பிய உட்டுடுங்களேன். மாத்திரைன்னா எனக்கு ஒத்துக்காது."

"மொதல்ல ஒண்ணு போட்டுப் பாருங்க சார். உப்பக் கொறைங்க. கம்பி எல்லாருக்கும் கெடையாது."

வீடு திரும்பும் பஸ் ஆலப்பாக்கம் தாண்டியதும் என் காதருகே குனிந்தார். "யார்ட்டயும் சொல்லிடாத."

சொல்லமாட்டேன் என்றேன். வீட்டுக்கு வந்து அவர் அக்காவுக்கு மட்டும் போன் செய்தேன். அது போதும், கடலூர் முழுக்கத் தெரிந்துவிடும்.

இப்போது தினமும் காலையில் மாத்திரை போடுகிறார், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.