எட்டடி தள்ளி உட்கார்ந்தவள்

அவள் கைகள் பைக்குள் ஏதோ செய்துகொண்டிருந்தன. காத்திருக்கும் அறையின் கடைசி நாற்காலியில், சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். ஒரு கவரிலிருந்து எதையோ எடுப்பாள், முகத்தருகே கொண்டுபோவாள், இன்னொரு கவரில் திணித்து முடிச்சுப் போடுவாள். பிறகு எழுந்து போய்க் கை கழுவிவிட்டு வருவாள். அரை மணி நேரத்தில் மூன்று தடவை. நடுநடுவே பிளாஸ்க்கைத் திறந்து ஒரு மடக்கு. கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நான் டப்பாக்களில் மாத்திரை பிரித்துப் போட்டபடியே கவனித்துக்கொண்டிருந்தேன்.

எங்களுடையது முதியோர் இல்லம். இருபத்திரண்டு கட்டில். நான் இங்கே தலைமை நர்ஸ்; பராமரிப்பு வேலைக்கு ஆள் எடுப்பதில் கடைசி வார்த்தை என்னுடையது. படுத்த படுக்கையாய்க் கிடப்பவர்களை நாற்பது வருடமாகக் குளிப்பாட்டி, புரட்டி, ஊட்டிய பிறகு, வருகிறவர்களை முதலில் சந்தேகப்படுவதே எனக்குப் பழக்கமாகிவிட்டது. போன வருடம் ஒருவன் இருமல் மிட்டாய் வாசனையோடு வந்தான். பாவம், தொண்டைக்கட்டு என்று நினைத்தேன். மிட்டாய்க்கு அடியில் சாராய வாசனை இருந்தது மூன்று வாரம் கழித்துதான் தெரிந்தது. அதற்குள் ஒரு பெரியவரைக் கட்டிலிலிருந்து கீழே போட்டிருந்தான்.

இவளுக்குக் கண் சிவந்திருந்தது. பக்கத்தில் போனால் தைல வாசனை. அந்த பிளாஸ்க் வேறு. சரி, இன்னொன்று வந்து சேர்ந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

உள்ளே கூப்பிட்டோம். நானும் மேனேஜரும். மேனேஜர் முதலாளிக்கு மச்சினர். அதற்கு மேல் அவருடைய தகுதியை யாரும் கேட்பதில்லை. அவர் சான்றிதழுக்காகக் கையை நீட்டினார். அவள் கையில் கொடுக்காமல் மேஜை ஓரத்தில் வைத்தாள். நாங்கள் போட்டிருந்த நாற்காலியைப் பின்னால் இழுத்துக்கொண்டு போய் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். எட்டடி இருக்கும்.

"ஏம்மா அவ்வளவு தள்ளி? நாங்க கடிக்கமாட்டோம்," என்றார் மேனேஜர், மூக்கை உறிஞ்சியபடி.

"இங்கேயே வசதியா இருக்கு சார்."

குரல் கரகரத்தது. கேள்விக்கு ஒரு வார்த்தை, அதிகம் போனால் இரண்டு. வயது நாற்பத்தாறு. பக்கவாதம் வந்த ஒரு அம்மாவை ஒரே வீட்டில் பதினோரு வருடம் பார்த்திருக்கிறாள். அந்த அம்மா போன மாதம் போய்விட்டார். வீட்டை விற்கிறார்கள், இவள் தங்கியிருந்த பின்கட்டு அறையை மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். எங்களிடம் வேலையோடு தங்க இடமும் உண்டு. அதற்குத்தான் வந்திருந்தாள். அந்த வேலை கிடைக்காவிட்டால் அவளுக்குப் போக்கிடம் இல்லை. போக்கிடம் இல்லாதவர்கள் எதையும் மறைப்பார்கள் என்பதும் எனக்குத் தெரியும்.

"உடம்புக்கு என்ன?" என்று நேராகவே கேட்டேன்.

"ஒண்ணுமில்ல மேடம். தூசி."

அன்று காலையில்தான் தரையைத் துடைத்திருந்தோம்.

செய்முறைத் தேர்வுக்கு மூன்றாம் அறைக்கு அழைத்துப் போனேன். அங்கே இருப்பவர் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். அந்த வருடத்தில் இரண்டு தடவை நிமோனியா வந்து, போன வாரம்தான் ஆக்ஸிஜனை எடுத்திருந்தோம். அவரைத் திருப்பிப் படுக்கவைத்து விரிப்பை மாற்ற வேண்டும். அவ்வளவுதான் தேர்வு.

அவள் வாசலில் நின்றுவிட்டாள்.

"படியில நிக்காதீங்க, உள்ள ஏறி வாங்க!" என்றார் கண்டக்டர் கட்டிலிலிருந்து.

அவள் நகரவில்லை. கைக்குட்டையை எடுத்து மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டாள்.

"நான் உள்ள வரமாட்டேன் மேடம். எனக்கு நேத்திலேர்ந்து ஜலதோஷம்."

"அப்ப தூசின்னு சொன்னது?"

"பொய்."

"பாத்தீங்களா சிஸ்டர்?" என்றார் மேனேஜர், ஏதோ திருடனைப் பிடித்துக் கொடுத்ததுபோல. "முதல் நாளே பொய்."

"காலையில எட்டு மணிக்கு இங்க ஃபோன் பண்ணினேன். சளி பிடிச்சிருக்கு, ரெண்டு நாள் கழிச்சு வரட்டுமான்னு கேட்டேன். இன்னைக்கு வரலேன்னா லிஸ்ட்ல அடுத்த பேரைக் கூப்பிடுவோம்னு சொன்னாங்க."

"யார் சொன்னது?"

அவள் பார்வை மேனேஜர் பக்கம் போனது. மேனேஜர் பேனா மூடியைத் தேட ஆரம்பித்தார்.

"அந்தப் பையைத் திறங்க," என்றேன்.

"நீங்க தொடாதீங்க." பையைத் தரையில் வைத்து, அவளே திறந்துவிட்டுப் பின்னால் நகர்ந்தாள். ஒரு கவரில் பழைய துணியைச் சதுரம் சதுரமாக வெட்டி அடுக்கியிருந்தாள். இன்னொன்றில் மூக்குத் துடைத்தவை, இறுக்கி முடிச்சுப் போட்டு. கையுறை மாட்டிக்கொண்டு பிளாஸ்க்கை எடுத்து மோந்து பார்த்தேன். வெந்நீர்.

பையில் ஒன்றுமில்லை என்றால் ஆளுக்கு வேலை தெரியும் என்று ஆகிவிடாது. "அங்கேயே நின்னு சொல்லுங்க, நான் செய்றேன்," என்று கட்டிலருகே போனேன். வழக்கம்போல வலது தோளைப் பிடித்தேன்.

"தோளை விடுங்க மேடம்! நீங்க கை வெச்சதும் ஐயா பல்லைக் கடிக்கிறார். இடுப்புல பிடிச்சு இடது பக்கமா திருப்புங்க. அடியில விரிப்பு மடிஞ்சு கிடக்கு, அதை முதல்ல இழுங்க."

சட்டையை விலக்கிப் பார்த்தேன். தோள்மூட்டு வீங்கியிருந்தது.

"எத்தனை நாளா வலி?" என்றேன் கண்டக்டரிடம்.

"மூணு நாளா. சொன்னா ஊசி போடுவீங்களே, அதான் சொல்லல."

மூன்று நாளும் அவரைத் திருப்பியது நான்தான்.

முடிவைப் பிறகு சொல்கிறோம் என்று அவளை அனுப்பிவிட்டோம். "ஒரு தடவை பொய் சொன்னவ தினமும் சொல்லுவா," என்றார் மேனேஜர். அந்த மனிதர் சொன்னதில் எனக்கு உறுத்திய ஒரே பேச்சு அதுதான். தூசி பொய் என்றால் பதினோரு வருடமும் ஏன் பொய்யாக இருக்கக்கூடாது?

மறுநாள் காலை, விண்ணப்பத்தில் இருந்த முகவரிக்குச் சொல்லாமல் கொள்ளாமல் போனேன். அந்த வீட்டு மருமகள் வாசலில் பெட்டிகளுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தாள். யார் என்று சொல்லாமல், பின்கட்டில் இருப்பவளைப் பற்றி விசாரித்தேன்.

"கொஞ்சம் பிடிவாதம். ஆனா பதினோரு வருஷத்துல எங்க மாமியார் முதுகுல ஒரு புண்ணு கிடையாது," என்றாள்.

படுக்கைப்புண் என்பது எந்தச் சான்றிதழையும் விட உண்மை பேசும். பின்பக்கம் போனேன். கொடியில் வீட்டுத் துணிகளுக்கு எட்டத்தில், அந்தச் சதுரத் துணிகள் மட்டும் தனியாகக் காய்ந்துகொண்டிருந்தன. கதவைத் திறந்தவள் என்னைப் பார்த்ததும் இரண்டடி பின்னால் போனாள். "வாங்க மேடம்," என்றாள். குரல் சுத்தமாகக் கட்டியிருந்தது.

கையோடு எடுத்து வந்திருந்த வேலை உத்தரவைக் குட்டைச் சுவர்மேல் வைத்து, காற்றில் பறக்காமல் ஒரு கல்லையும் வைத்தேன். "சளி நின்னு ரெண்டு நாள் கழிச்சு வாங்க. அதுவரைக்கும் உங்க கட்டில் காலியாத்தான் இருக்கும். இன்னொரு தடவை எங்கிட்ட தூசின்னு சொன்னா, அன்னைக்கே கணக்கை முடிச்சுடுவேன்."

அவள் தலையாட்டினாள். நான் வாசல் தாண்டும்வரை காகிதத்தை எடுக்க வரவில்லை.

இல்லத்துக்குத் திரும்பியதும் வாசல் பலகையை இறக்கினேன். 'சளி, காய்ச்சல் உள்ள பார்வையாளர்கள் உள்ளே வரவேண்டாம்' என்று நான் எழுதிவைத்தது. அதில் 'பார்வையாளர்கள்' என்பதை அடித்து 'யாரும்' என்று மாற்றினேன். கீழே, 'நேர்முகத் தேர்வுக்கு வருபவர்கள் வேறு தேதி கேட்கலாம்' என்று எழுதி, என் ஃபோன் நம்பரைப் போட்டேன்.

ஆணி அடித்து முடிக்கும்போது மேனேஜர் மூக்கை உறிஞ்சிக்கொண்டே படியேறி வந்தார்.

"ஏசி காத்து ஒத்துக்கல சிஸ்டர்," என்றார்.

சுத்தியலால் பலகையைக் காட்டினேன். படித்துவிட்டு வாசலோடு திரும்பிப் போனார்.