இருமல் பட்டி

பன்றி வளர்ப்பில் என்னை மிஞ்ச இந்தத் தென்காசி வட்டாரத்தில் ஆள் கிடையாது. மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன்தான். ஆனாலும் பட்டிக்குள் நுழையாமலே, இருமலைக் கேட்டே கோளாறைச் சொல்லிவிடுவேன். எனக்கே ஒரு ஆள் மட்டும் சின்ன வயதில் பிடிபடவில்லை.

குத்துக்கல்வலசையில் எங்கள் பட்டி. அந்த வருஷம் பன்றிகளுக்கு வறட்டு இருமல் வந்தது. சாகவும் இல்லை, தேறவும் இல்லை. தின்ற தீனி எங்கே போனதோ, முதுகெலும்பு துருத்திக்கொண்டு நின்றது. பன்றி போனால் எங்கள் பிழைப்பும் போயிற்று.

புளியறையில் பன்றி வைத்திருந்த அம்மாவின் அண்ணன் கேள்விப்பட்டு வந்தார். வந்தவர் வேலிக்குள் கால் வைக்கவில்லை. அம்மா நீட்டிய தண்ணீரையும் வாங்கவில்லை. வெளியில் நின்றே அப்பாவிடம் பேசினார்.

"மாப்ள, ஒண்ணு விடாம கறிக்குத் தள்ளிருங்க. பட்டி காலியாக் கெடக்கட்டும்."

"கெடாப்பன்னி இருமவே இல்லயே மச்சான்?"

"இருமாம நிக்கது பாருங்க, அதுதான் மத்ததுக்கெல்லாம் குடுக்குது."

திரும்பும்போது வாய்க்காலில் காலைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார். எங்கள் மண்கூட அருவருப்போ என்று நினைத்தேன். "மலையாளத்து வியாபாரிகிட்ட தரகு பேசிட்டு வந்திருக்கான் ஒங்கண்ணன்" என்றார் அப்பா.

வேறு வழியில்லாமல் எல்லாவற்றையும் தள்ளினோம். கூரையைப் பிரித்துக் கொளுத்தி, தரையில் சுண்ணாம்பு கொட்டி, கோடை முழுக்க வெயிலில் காயவிட்டோம். அப்பா வயல்கூலிக்குப் போனார். சாரல் விழுந்ததும் மாமா தம் பட்டிக் குட்டிகளைச் சாக்கில் கட்டிக்கொண்டு வந்தார். அன்று உள்ளே வந்து உட்கார்ந்து சாப்பிட்டார்.

"குட்டி விக்க வந்தா மட்டும் தங்கச்சி வீட்டுச் சோறு இனிக்குதோ?" என்று அம்மா கேட்டாள். அவர் சிரித்துக்கொண்டே இன்னொரு கை சோறு வாங்கினார்.

குட்டிகள் ஒன்றுகூட இருமவில்லை, மளமளவென்று பெருத்தன. அப்போதும் அப்பா, "இதுல என்ன சூது இருக்கோ" என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வருஷம் மாமா மறுபடி வந்தார். வேலிப்பக்கமே வராமல் வாய்க்காலுக்கு அந்தக் கரையில் நின்று கூப்பிட்டார்.

"ஏட்டி, இந்தக் கோயில் கொடைக்கு எங்க வீட்டுக்கு யாரும் வராதீங்க. நானும் இங்கன வர மாட்டேன்."

காரணம் சொல்லவில்லை. அம்மா முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு உள்ளே போனாள். "நம்ம பன்னி கொழுத்துட்டு. அவனுக்குப் பொறுக்கல" என்றார் அப்பா.

எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. இருந்ததிலேயே கொழுத்த குட்டியை ஓட்டிக்கொண்டு வாய்க்காலில் இறங்கினேன். "நல்லாப் பாரும் மாமா!"

"ஏலே, குட்டியப் பிடி! இங்கன விடாத!" என்று அலறினார். குட்டி கரையேறப் பார்த்தது. மாமா வேட்டியை மடித்துக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் ஓடினார்.

மாமாவை விரட்டியடித்துவிட்டேன் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். புளியறைப் பட்டி அப்போது இருமிக்கொண்டிருந்தது. எந்தக் குட்டியைக் காப்பாற்ற அவர் அப்படி ஓடினார் என்பது எனக்கு அன்று தெரியவில்லை.